மலைப்பாதையில் ஒரு எட்டிக் கொப்பு

1

கல்யாணமாகி, ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையைத் தாண்டித் திருவிதாங்கூர் மண்ணில் நான் காலை வைத்த நாள் போன வெள்ளிக்கிழமை வந்து போயிற்று. இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. நானே பாயசம் வைத்து நானே குடித்தேன். எதற்குப் பாயசம் என்று இவர் கேட்கவில்லை. கேட்காததில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

'இவர்' என்று நான் எழுதுவது என் புருஷனை. நெய்யாற்றங்கரைத் தாலூக்காக் கச்சேரியில் எழுத்து வேலை. இவர் அப்பாவும் அதே கச்சேரியில் அதே வேலைதான் பார்த்தார். பாறசாலையில் சொந்த வீடு, பின்னால் கொஞ்சம் தென்னை. குறையென்று சொல்ல ஒன்றும் இல்லை. குறை சொல்ல முடியாத இடத்தில்தான் நான் அதிகமாக யோசிப்பேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து யாராவது என்னிடம் ஆள்விட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், மலையாளச் சீமைக்குப் பெண் கொடுக்கலாமா என்று. கொடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப்போவதில்லை. சமீபத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியத்தை எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கல்யாணமாகி வந்த அன்றைக்குச் சவுக்கையில் என் சீர்ப் பெட்டியைத் திறந்து அடிவரைக்கும் குடைந்தார்கள். உப்பு உண்டா, புகையிலை உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன், நம்பவில்லை. ஒரு சேவகன் அதிரசத்தை எடுத்து முகர்ந்து பார்த்தான். முகர்ந்த அதிரசம் பெட்டிக்குத் திரும்பவில்லை. கல்யாணப் பெண்ணின் பெட்டியையே நம்பாத ஒரு சீமையை நான் மட்டும் எதற்கு நம்ப வேண்டும்? எனக்குச் சந்தேகப் புத்தி என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அது சவுக்கையில் எனக்குக் கிடைத்த வரவேற்பு.

போதாக்குறைக்கு, வழியனுப்ப வந்த எங்கள் தெருப் பெண்டுகள் ஆளுக்கொரு புத்தி சொல்லி அனுப்பியிருந்தார்கள். மலையாளத்தில் மந்திரவாதம் பெருத்துப்போய்க் கிடக்கிறது, முச்சந்தியில் எது கிடந்தாலும் தாண்டாதே, சிரித்துக்கொண்டு கொடுப்பதைச் சட்டென்று வாங்காதே. அதெல்லாம் எனக்கு மனப்பாடம். எங்கள் ஊர்ப் பாட்டுகூட மறந்துபோயிற்று, அந்தப் புத்தி மட்டும் மறக்கவில்லை.

2

நம் ஊரில் ஒருத்தர் வந்தால் அரை மைல் தூரத்திலேயே தெரியும். பனை நிற்கும், நடுவில் செம்மண் ரோடு போகும், அதில் வருகிற ஆள் யார் வீட்டு ஆள் என்பதுகூட நடையிலிருந்து தெரிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. வீட்டைவிட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண்சுவர். நடுவில் பள்ளமாய் ஒரு ஒற்றையடிப் பாதை. அது நேராகவும் போகாது. எதிரே வருகிறவனின் முகம் நம் முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் தெரியும்.

ஆகையால் இங்கே நடக்கிறவர்களுக்குப் பல முறைகள் உண்டு. வளைவுக்கு முன்னால் 'கூ' என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். எதிரே சத்தம் வந்தால் நிற்க வேண்டும். யாரைக் கண்டால் யார் ஒதுங்க வேண்டும் என்பதற்கு இந்த ராஜ்யத்தில் தனியாக ஒரு முறை இருக்கிறது. அதைப் பற்றி நான் விரிவாக எழுதினால் இவர் உத்தியோகத்துக்கு ஆபத்து. வந்த புதிதில் இந்தக் 'கூ' கேட்டாலே எனக்குக் குலை நடுங்கும். யாரோ யாருக்கோ ஜாடை கொடுக்கிறார்கள், நடுவில் நான் அகப்பட்டுக்கொண்டேன் என்று தோன்றும்.

எங்களுக்கு ஒரே மகள், கோமதி. சங்கரன்கோவிலில் வேண்டிக்கொண்டு பிறந்தவள். பெயர் மட்டும்தான் நம் ஊர்ப் பெயர். பேச்சு, நடை, சிரிப்பு எல்லாம் இந்த மண்ணுடையது. என்னை 'அம்மை' என்பாள். "ஏட்டி, அம்மைன்னா நம்ம ஊருல உடம்புல போடுறது. அம்மான்னு கூப்பிடு" என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"இஞ்ச எல்லாருக்கும் அம்மைதான். எனிக்கு மட்டும் அம்மாவா?" என்பாள்.

சின்ன வயசில் இது வேடிக்கையாக இருந்தது. வயசுக்கு வந்தபின் பயமாக இருந்தது. அவள் தோழிகளோடு வேகமாக மலையாளத்தில் பேசிச் சிரித்தால், என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். பெரும்பாலும் மாங்காயைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். மாங்காய்க்கு எதற்கு அவ்வளவு சிரிப்பு என்று யோசிப்பேன்.

அவளை நம் பக்கத்தில் கொடுக்க வேண்டும் என்று எவ்வளவோ முட்டிப் பார்த்தேன். இவர் கேட்கவில்லை. குன்னத்துகாலில் ஒரு சைவக் குடும்பத்தில் கொடுத்தார். மாப்பிள்ளை மகாதேவன் சொந்த நிலத்தில் மரச்சீனிக் கிழங்கும் நல்லமிளகும் போடுகிறவன். மாமனார் இல்லை. மாமியார் தங்கம்மை ஒருத்திதான்.

3

தங்கம்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல உயரம், கனத்த குரல். எதைச் சொன்னாலும் கட்டளை மாதிரி இருக்கும். கோமதியை 'மக்கா' என்றுதான் கூப்பிடுவாள். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள், பலாச்சுளையைக் கொட்டை நீக்கித் தட்டில் வைப்பாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியாதா? மருமகளிடம் இவ்வளவு பிரியமாக இருக்கிற மாமியாரை நான் எங்கள் ஜில்லாவில் பார்த்ததில்லை. அதனால் எனக்கு அவள்மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு கண்.

கல்யாணமாகி மூன்று வருஷமாயும் கோமதிக்குக் குழந்தை இல்லை. என் தூக்கம் போயிற்று. ஒரே மகனை வைத்திருக்கிறவள் எவ்வளவு நாள் பொறுப்பாள்? இன்னொரு பெண்ணைப் பார்த்து வைத்திருப்பாள். சொந்தத்தில் ஒரு பெண் அடிக்கடி அவர்கள் வீட்டுக்கு வந்து போனாள். கேட்டால், நெல் குத்த ஒத்தாசைக்கு வருகிறாள் என்றார்கள். நெல் குத்த வருகிறவளுக்குக் காதில் தங்கத் தோடு எதற்கு? என் மகள் வாழாவெட்டியாக என் வாசலில் வந்து நிற்பது போலக் கனவு கண்டேன். என்னுடைய கவலையெல்லாம் அந்த ஒன்றுதான். அவள் அந்த வீட்டில் நிலைக்க வேண்டும்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் தங்கம்மை எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"சம்மந்தி, அம்பூரிக்கு மேல மலையில ஒரு அம்மன் உண்டு. பிள்ளைக்காக ஒரு நேர்ச்ச நேந்திருக்கேன். நம்ம எல்லாருமா ஏறி ஒரு பொங்கல் வச்சிட்டு வருவோம். நீங்களும் வரணும்."

"குன்னத்துகாலிலேயே கோவில் இருக்கிறதே" என்றேன்.

"அது வேற, இது வேற. இது நடந்து போய்க் கேக்கணும். கஷ்டப்பட்டுக் கேட்டாத்தான் அவ தருவா. அப்பிடியாக்கும்."

நான் வரவேண்டும் என்று அவள் வற்புறுத்தியதில் எனக்குச் சந்தேகம். வரவேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன் என்று இவர் சொல்கிறார். இவருக்குக் கச்சேரியில் வேலை, வரவில்லை. மகளை அவளோடு காட்டுக்குத் தனியே அனுப்ப எனக்கென்ன பைத்தியமா? நான் கிளம்பினேன்.

4

குன்னத்துகாலிலிருந்து வில்வண்டியில் அடிவாரம் வரை போய், அங்கிருந்து விடிந்தபின் ஏற ஆரம்பித்தோம். தங்கம்மை, நான், கோமதி, மாப்பிள்ளை மகாதேவன், பானையும் அரிசியும் சுமக்கச் செல்லன் என்று ஒரு ஆள். செல்லன் அவர்கள் நிலத்தில் வேலை செய்கிறவன். அடிவாரத்தில் எவனோ வெள்ளைக்காரன் காட்டை வெட்டி ரப்பர் என்று ஒரு மரம் நட்டிருந்தான். பழமும் இல்லாத பூவும் இல்லாத மரத்தை நடுகிறான் என்றால் அவனுக்கும் ஏதோ உள்நோக்கம் இருக்க வேண்டும்.

ஏறுமுன் தங்கம்மை எங்களை நிறுத்தி வைத்துச் சட்டம் படித்தாள்.

"மலையில ஆரையும் பேரு சொல்லி விளிக்கப்பிடாது. கூன்னு ஒரு சத்தம் போட்டா போரும். மறு கூ கேட்டாத்தான் நடக்கணும். சுமட்டோட ஆளு வந்தா நம்ம ஒதுங்கி நிக்கணும். கல்ல உருட்டி விடப்பிடாது, கீழ ஆளு வருவினும். ஓடையில எச்சில் இலையப் போடப்பிடாது, கீழ குடிக்கியவனும் மனுசனாக்கும். சும்மா கொப்பு ஒடிக்கப்பிடாது. கேட்டியா மக்கா?"

கோமதி சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். அவளுக்கு இதெல்லாம் தெரியும். மகாதேவனும் சிரித்தான். எனக்காகத்தான் இந்தப் பாடம் என்று புரிந்தது. ஒன்று மட்டும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. கீழே ஊரில் எங்களைக் கண்டால் செல்லன் பாதையை விட்டு வெகுதூரம் விலகி நிற்பான். மலையில் அவன் தலையில் சுமை இருப்பதால் தங்கம்மையே பாறையோடு ஒட்டி நின்று அவனுக்கு வழி விட்டாள். இப்படி ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறுகிற முறையை எப்படி நம்புவது?

கொஞ்ச தூரம் போனதும் அட்டை ஏறிற்று. கோமதியின் காலெல்லாம் ரத்தம். மகாதேவன் அவளை ஒரு வேரில் உட்கார வைத்துச் சுண்ணாம்பு தடவி ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தான். "நீங்க பைய வாருங்க, நாங்க முன்ன போய் அடுப்பு மூட்டுதோம்" என்று தங்கம்மையும் செல்லனும் மேலே போனார்கள். நான் மகளோடு இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தங்கம்மையைத் தனியே விட மனசு வரவில்லை. அவள் எதற்கு அவ்வளவு அவசரமாக முன்னால் போகிறாள்? "மாப்பிள்ளை கூட இருக்காருட்டி, நீ மெள்ள வா" என்று கோமதியிடம் சொல்லிவிட்டுத் தங்கம்மை பின்னாலேயே போனேன். மூச்சு வாங்கினாலும் அவள் கண்ணில் படாமல், அவள் என் கண்ணை விட்டுப் போகாமல் நடந்தேன்.

ஒரு இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அகலமாய், சருகு மூடி, மட்டமாய்ப் போகிறது. மற்றது பாறையை ஒட்டிச் செங்குத்தாக ஏறுகிறது. செல்லன் பானையோடு பாறைவழியில் ஏறிவிட்டான். தங்கம்மை நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

பக்கத்தில் நின்ற மரத்திலிருந்து ஒரு பச்சைக் கொப்பை ஒடித்தாள். கொப்பு ஒடிக்கக் கூடாது என்று எங்களுக்குச் சட்டம் படித்தவள்! அது என்ன மரம் என்று பார்த்தேன். எட்டி. எட்டிக் கட்டையில் பொம்மை செய்து ஆணி அடிப்பார்கள் என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தக் கொப்பைக் குறுக்கே போட்டாள். மேலே ஒரு கல்லை வைத்தாள். பிறகு பூஜைக் கூடையிலிருந்து ஒரு செம்பருத்திப் பூவை எடுத்து, கல்லுக்கும் தழைக்கும் நடுவில் செருகினாள். அவள் உதடு அசைந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு ஏறிப் போனாள்.

எட்டித் தழை, கல், சிவப்புப் பூ, வழி பிரிகிற இடம். பின்னால் வருகிறது என் மகள். எனக்கு வேறு என்ன தோன்றும்? மூன்று வருஷமாக ஏன் குழந்தை இல்லை என்று அந்த நிமிஷத்தில் எனக்கு விளங்கிவிட்டது. நேர்ச்சையும் இல்லை, பொங்கலும் இல்லை. மகளைத் தாண்ட வைக்கத்தான் இவ்வளவு தூரம் கூட்டி வந்திருக்கிறாள்.

அதைக் கையால் தொடக் கூடாது. காய்ந்த குச்சி ஒன்றை எடுத்து, கொப்பைத் தூக்கிச் சரிவில் எறிந்தேன். கல்லை உருட்டி விட்டேன். பூவை எறியத்தான் மனசு கூசியது; இதுவும் கெட்ட பூதான் என்று சருகுக்குள் தள்ளினேன். மூன்று தரம் துப்பினேன். பிறகு பாறைவழியில் ஏறினேன். என் மகளைக் காப்பாற்றிவிட்டேன் என்று அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

5

மேலே கோவில் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாறைக்கு அடியில் ஒரு கல், மஞ்சள் பூசியிருந்தது. பக்கத்தில் ஓடை. செல்லன் சருகெல்லாம் கூட்டி ஒதுக்கி, மூன்று கல்லுக்கு நடுவில் தீ மூட்டியிருந்தான். தங்கம்மை அரிசி களைந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றமுள்ள முகமாகத் தெரியவில்லை. கைதேர்ந்தவள் என்று நினைத்தேன்.

பானை பொங்கிற்று. கோமதியும் மகாதேவனும் வரவில்லை.

தங்கம்மை எழுந்து பாறை விளிம்பில் நின்று கூவினாள். மறு கூவல் இல்லை. திரும்பவும் கூவினாள். அவள் முகம் மாறியது.

"பிள்ளியளக் காணல்லியே. வழி தெத்தி வேற எங்கயும் போவமாட்டினும். நான் அடச்சு வச்சிட்டுத்தானே வந்தேன்."

"எதை அடைத்தீர்கள்?" என்றேன்.

"வழியத்தான். அந்த வீதியான வழி சர்க்கார் யானைக்குழிக்குப் போறதாக்கும். கொப்பு குறுக்க கெடந்தா அதுல போவண்டாம்னு அர்த்தம். கடைசியா வாறவன் எடுத்து ஒதுக்கிட்டு வருவான். ஆடுமாடு தின்னாத எட்டித் தழையாப் பாத்துத்தான் போட்டேன். சருகுல பச்சை தெரியாதுன்னு செவப்பா ஒரு பூவும் வச்சேன்."

யானை பிடிக்கக் காட்டில் குழி வெட்டி, மேலே மூங்கில் பரப்பி மண்ணும் சருகும் போட்டு மூடி வைத்திருப்பார்கள் என்று இவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நடக்கிறவனுக்கு அது நல்ல தரை போலவே இருக்கும்.

"அதை நான் எடுத்து எறிந்துவிட்டேன்" என்றேன்.

தங்கம்மை என்னைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. "எலே செல்லா, வாலே!" என்று கத்திவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். செல்லன் ஓடைத் தண்ணீரை மொண்டு அடுப்பில் ஊற்றினான். பொங்கல் பானை நனைந்து புகைந்தது.

"அடுப்பணைக்க இதுவா நேரம்!" என்று அலறினேன்.

"காடு பத்திச்சுன்னா ஒருத்தரும் திரும்பிப் போவமாட்டோம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே அவன் என்னைத் தாண்டி ஓடினான்.

இறங்குகிற வழியெல்லாம் விழுந்து விழுந்து எழுந்தேன். பிரிகிற இடத்தில், அகன்ற வழியில் சருகு கலைந்து கிடந்தது. நான் "கோமதி! ஏட்டி கோமதி!" என்று ஓலமிட்டேன். தங்கம்மை திரும்பி வந்து என் வாயைப் பொத்தினாள்.

"யானை நிக்கிய காடாக்கும் இது. சத்தம் போட்டா அது வரும். பேடிக்காதீங்க, மிண்டாம வாருங்க."

பேடிக்காதீங்க என்றால் பயப்படாதீர்கள் என்று அர்த்தம். அவள் உதடு வெளுத்துப்போயிருந்தது. தானே பயந்துகொண்டு எனக்குத் தைரியம் சொல்கிறாளே என்று அப்போதும் ஒரு பாதி மனசு அவளைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தது. அவள் மெதுவாக ஒரு 'கூ' கொடுத்தாள். எங்கேயோ அருகிலிருந்து தேய்ந்துபோன குரலில் ஒரு 'கூ' வந்தது.

கோமதி குழியின் விளிம்பில் குப்புறப் படுத்திருந்தாள். சேலையின் ஒரு தலைப்பை அவிழ்த்து உள்ளே விட்டு, அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உள்ளே மகாதேவன். இரண்டு ஆள் ஆழம் இருக்கும். ஒரு கால் மடங்கி வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது. முன்னால் நடந்தது அவன்தான். ஒரு எட்டு முன்பின்னாகியிருந்தால் இரண்டு பேரும் உள்ளே கிடந்திருப்பார்கள்.

கோமதி தலையைத் தூக்கினாள். நானும் தங்கம்மையும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றோம். அவள் என்னைக் கூப்பிடவில்லை.

"மாமி, வழியில அடைப்பு இல்லியே மாமி" என்று அழுதாள்.

குழியை மூடியிருந்த மூங்கிலையே செல்லன் உருவி, கணுவில் காலூன்றி உள்ளே இறங்கினான். மகாதேவனை முதுகில் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏறினான். நாங்கள் மூன்று பெண்களும் மேலே நின்று சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தோம். மேலே வந்ததும் மகாதேவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "அடைப்ப ஆரு எடுத்தது?" என்று கேட்டான்.

மறைக்க வழியில்லை. நான் சொன்னேன். எறிந்ததை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் கோமதி, "எதுக்கு அம்மை எடுத்தீங்க?" என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

"உன் மாமியார் உனக்கு வைத்த சூனியம் என்று நினைத்தேன்."

தங்கம்மை மகனின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"எனிக்குன்னு இருக்கியது இவன் ஒருத்தனும் இவளும். இவியளுக்கா நான் வைப்பேன்?"

பிறகு, "கொப்பு வைக்கிய விஷயத்தைச் சொல்லியிருக்கணும். அது தெரியாத ஆளு உண்டுன்னு எனிக்கு ஓர்மையே வரல்ல" என்றாள். அவ்வளவுதான். செல்லன் மகாதேவனைச் சுமந்துகொண்டு இறங்கினான். எதிரே தேன் எடுக்கப் போகிறவர்கள் வந்தார்கள். எல்லோரும் பாறையோடு ஒட்டி நின்று அவனுக்கு வழி விட்டார்கள். நானும் ஒதுங்கி நின்றேன்.

6

மாப்பிள்ளையின் கால் கூடிவிட்டது. ஆனால் நேராகக் கூடவில்லை. வைத்தியர் என்னென்னவோ எண்ணெய் போட்டுக் கட்டினார். இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். மிளகுக்கொடிக்கு ஏணி ஏற முடிவதில்லை, ஆள் வைத்திருக்கிறார்கள்.

தங்கம்மை ஊரில் யாரிடமும் நடந்ததைச் சொல்லவில்லை. பாறையில் வழுக்கி விழுந்தான் என்றே சொல்லி வருகிறாளாம். எனக்கு அது பொறுக்கவில்லை. ஏன் சொல்லவில்லை? திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். சேர்த்து வைத்து ஒருநாள் எடுப்பாள் என்று இவரிடம் சொன்னேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றார் இவர். "அந்த அம்மா உன் மானத்தைக் காப்பாத்துதா. அது உனக்குத் தெரியலையா?"

"என் மானத்தை அவள் எதற்குக் காப்பாற்ற வேண்டும்?" என்றேன். இவர் சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு கச்சேரிக்குப் போய்விட்டார்.

கோமதி அதற்குப் பிறகு பாறசாலைக்கு வருவது குறைந்தது. வந்தாலும் வந்த வண்டியிலேயே திரும்பிவிடுவாள். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் கொடுத்த காப்பியைக் குடிப்பாள், நான் வைத்துவிட்ட பூவை வைத்துக்கொள்வாள். ஆனால் நான் அறைக்குள் நுழைந்தால் கையில் இருப்பதை மடிக்குள் மறைத்துக்கொள்வாள். அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. புரியாதது போல் இருந்துவிட்டேன் என்பதுதான் நிஜம்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. கோமதி முழுகாமல் இருக்கிறாள். நான் சங்கரன்கோவில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். இனி அவளை அந்த வீட்டிலிருந்து யாராலும் அசைக்க முடியாது. தங்கத்தோட்டுக்காரி நெல்லைக் குத்திவிட்டு அவள் வீட்டுக்குப் போகட்டும்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே! நம் ஊரிலும் அதுதான், இந்தச் சீமையிலும் அதுதான். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒத்துப்போயிற்று. கிழக்கு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கட்டிலுக்குப் புதுக்கயிறு போட்டேன். பழைய மல் வேட்டிகளை வெளுத்து மடித்து வைத்தேன். பூண்டு, சுக்கு, விளக்கெண்ணெய் எல்லாம் வாங்கியாயிற்று. மருத்துவச்சியிடம் இரண்டு தரம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பொழியூர்க்காரிகள் மீன்கூடையோடு எங்கள் வேலிப்பக்கம் போகக் கூடாது, பிள்ளைத்தாய்ச்சிக்குக் குமட்டும் என்று சொல்லி அவர்களை வேறு வழியில் போகச் செய்தேன். எனக்கு இப்போது தெரிந்த ஒரே சந்தோஷம் அந்த அறைதான்.

நேற்றுத் தங்கம்மை வந்தாள். தனியாக வந்தாள். வெற்றிலை, பழம், ஒரு பொட்டலம் கற்கண்டு. உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள்.

"சம்மந்தி, ஏழாம் மாசச் சடங்கு வருது. கழிஞ்சதும் பிள்ளைய நீங்க கூட்டிட்டுப் போறதுதான் முறை. அதுல எனிக்கு ஒரு தடசமும் இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

தடை இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்? தடை உண்டா என்று யார் கேட்டது? நான் உஷாரானேன்.

"சுற்றி வளைக்க வேண்டாம்" என்றேன். "என் மகளை அனுப்பாமல் அங்கேயே வைத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். அதற்குத்தானே இந்தக் கற்கண்டு?"

தங்கம்மை கோபப்படவில்லை. அந்தக் கனத்த குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"நான் அவகிட்ட எத்தற வாட்டி சொன்னேன் தெரியுமா? அம்மைக்கு ஆசை இருக்கும் மக்கா, போயிட்டு வான்னு சொன்னேன். அவ புருசனும் சொன்னான். அவளாக்கும் வரமாட்டேன்னு சொல்லுதா."

"ஏன்?"

"அது கேக்கண்டாம் சம்மந்தி."

"நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும்."

அவள் வெற்றிலையை எடுத்தாள், வைத்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அம்மைய எனிக்குப் பேடியாக்கும்னு சொல்லுதா. எனிக்கு நல்லதுன்னு நினைச்சு என் வயித்துப் பிள்ளைக்கு என்ன செய்வாவளோன்னு சொல்லுதா."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, எங்கேயாவது ஒரு பொய் தெரிகிறதா என்று கண், உதடு, நெற்றி எல்லாம் தேடிப் பார்த்தேன். தங்கம்மை அழுதுகொண்டிருந்தாள். இந்தச் சீமைக்கு வந்து இத்தனை வருஷத்தில் ஒருவர் சொன்ன ஒரு சொல்லை நான் அப்படியே நம்பியது அதுதான் முதல் தடவை.